செவலையின் வலது முன்னங்கால்

முப்பத்தாறு வயது வரை குதிரை விழுந்து நான் பார்த்ததில்லை. முதன்முதலில் விழுந்தது நான் வளர்த்த குதிரை. அன்று "கால் சரி" என்று நானே சொல்லி அனுப்பிய குதிரை.

அதற்குப் பிறகும் பல வருடம் குதிரைகளோடு வேலை செய்து, இப்போது ஓய்ந்து உட்கார்ந்திருக்கிறேன். குதிரை வேலைக்குப் புதிதாக வருகிறவர்களும், ரேஸ் பேப்பரைச் சட்டைப் பையில் மடித்து வைத்துக்கொண்டு பதுளை டவுனில் திரிகிற நம் பிள்ளைகளும் என்னைப் பிடித்து ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: "ஒரு குதிரை ஓட ரெடியா இல்லையான்னு எப்படிங்க கண்டுபிடிக்கிறது?" தெரிந்ததைச் சொல்கிறேன். ஆனால் நான் அதைத் தெரிந்துகொண்ட விதம் நல்ல விதம் இல்லை.

1. மாட்டுப்பட்டியிலிருந்து குதிரைக்கு

எங்கள் தேயிலைத் தோட்டம் அப்புத்தளைக்குக் கீழே இருந்தது. தனியார் தோட்டம். முதலாளித் தொரைக்கு ரேஸ் பைத்தியம். தொண்ணூறுகளின் நடுவில் ஒரு நாள் லொறியில் இரண்டு குதிரைகளைக் கொண்டுவந்து இறக்கினார். அப்போது நான் தோட்டத்து மாட்டுப்பட்டியில் வேலை செய்தேன். மறுநாள் காலை வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டில் எல்லோர் முன்னாலும் என்னைக் கூப்பிட்டார்.

"அந்தோணி, நீ இனிமே குதிரைக்கு."

"எனக்குக் குதிரையைப் பத்தி ஒண்ணும் தெரியாதுங்களே தொரை."

"மாட்டுக்கும் நாலு காலு, குதிரைக்கும் நாலு காலு. என்ன பெரிய வித்தியாசம்?"

என்ன வித்தியாசம் என்பது அன்று மத்தியானமே என் தொடையில் நீலமாகக் கன்றிப்போய்த் தெரிந்தது.

கொழும்பிலிருந்து ஓர் ஆள் வந்து இரண்டு மாதம் இருந்து வேலையைக் காட்டிவிட்டுப் போனார். மிச்சத்தைக் குதிரைகளிடமே படித்துக்கொண்டேன். ஓடத் தயாரான குதிரை வைத்த தீனியை மிச்சம் வைக்காது. சாணம் உருண்டையாக விழும், குழையாது. தோல் மினுமினுக்கும், விலா எலும்பு கைக்குத் தெரியும், கண்ணுக்குத் தெரியாது. பாய்ச்சல் ஓட்டம் முடிந்து நான் நிதானமாக இருநூறு எண்ணுவதற்குள் மூச்சு அடங்க வேண்டும். எல்லாவற்றையும்விட முக்கியம் கால். முன்னங்காலின் பின்பக்கம் கயிறு மாதிரி ஒரு நரம்பு இறங்கும். அதை விரலால் தடவிக்கொண்டே போனால் விறைப்பாக, குளிர்ச்சியாக இருக்க வேண்டும். வீக்கமோ சூடோ தட்டினால் அந்தக் குதிரையை ஓட்டக்கூடாது.

இரண்டில் ஒன்று பெட்டை. ரேஸ் புத்தகத்தில் அதற்கு 'ஊவா லேடி' என்று பெயர். நிறத்தைப் பார்த்து நாங்கள் செவலை என்று கூப்பிட்டோம். மாட்டுக்காரன் வைத்த பெயர் வேறு எப்படி இருக்கும்?

காலை ஆறு மணிக்கு எதிர்ப்பக்கத்துப் புல்வெளியில் ஓட்டம். லாயத்துக்குத் திரும்ப ஓர் ஓடையைக் கடக்க வேண்டும். அந்தப் புல்லில் அட்டை அதிகம், குதிரையின் காலெல்லாம் ஏறியிருக்கும். அதனால் ஓடையிலேயே நிறுத்தி, நானும் முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு, அட்டையைப் பிடுங்கி, சேற்றைத் தேய்த்துக் கழுவுவேன். மாட்டுப்பட்டிப் பழக்கம் அது. கழுவாமல் எதையும் தொட மாட்டேன். ஏழு மணிக்குத் தொரை பார்க்க வரும்போது குதிரை பளிச்சென்று நிற்கும். அவர் முன்னால் ஒவ்வொரு காலாகத் தடவிப் பார்த்து "நாலு காலும் குளிர்ச்சிங்க" என்பேன். எனக்கு அதில் ரொம்பப் பெருமை.

2. கிளாக்கர் ஐயாவின் ரேஸ் புத்தகங்கள்

ஒப்பீஸில் பெரிய கிளாக்கராக இருந்தவர் சிவபாதம் ஐயா, யாழ்ப்பாணத்துக்காரர். எனக்கு இரண்டு மூன்று வயது இளையவர். தொரையின் ரேஸ் புத்தகங்களை அடுக்கி வைப்பது அவர் பொறுப்பு. அடுக்கி வைக்கிறவர் வாசிக்காமல் இருப்பாரா? பகல் சாப்பாட்டு நேரத்தில் அவர் வாசிக்க, நான் கேட்பேன்.

குதிரையின் பெயருக்குப் பக்கத்தில் நாலைந்து எண்கள் இருக்கும். கடந்த ஓட்டங்களில் அது வந்த இடங்கள் அவை. கடைசி எண்தான் கடைசி ஓட்டம். சைபர் என்றால் பத்தாவதோ அதற்கும் பின்னாலோ. செவலைக்கு 5, 4, 2, 2 என்று இருந்தது. அது முன்னேறிக்கொண்டு வந்தது எனக்கே தெரிந்தது.

"இஞ்ச பாரும் அந்தோணி, நம்பரை மட்டும் பாத்தால் காணாது. கீழ சின்ன எழுத்தில ஒரு குறிப்பு போட்டிருக்கிறாங்கள். கடைசி ரெண்டு ஓட்டத்திலயும் ஒரே குறிப்பு. கடைசிப் பர்லாங்கில இடப்பக்கம் சாஞ்சு ஓடினதாம்."

"ஏங்க ஐயா சாயுது?"

அவர் யோசித்தார். நானும் யோசித்தேன். ஓட்டியவன் சவுக்கை வலது கையில் பிடிக்கிறவன். வலப்பக்கம் அடி விழுந்தால் குதிரை இடப்பக்கம் விலகத்தானே செய்யும்? எங்களுக்கு அது பளிச்சென்று விளங்கிவிட்டது. சாயாமல் நேராக ஓடியிருந்தால் இரண்டு தடவையும் முதலாவதாக வந்திருக்கும் என்று ஐயா பேனாவால் கணக்குப் போட்டே காட்டினார். இருவரும் போய்த் தொரையிடம் சொன்னோம். அவர் மேசையில் தட்டிச் சிரித்தார்.

"அப்ப இடது கையால அடிக்கிற ஜொக்கி ஒருத்தன தேடுவோம்."

அப்படித்தான் ராஜன் வந்தான். பசறைப் பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளை. இருபத்தாறு வயது, கல்யாணமாகி ஒரு பெண் குழந்தை. இடது கைக்காரன் என்பதால் பெரிய குதிரைகளில் அவனை ஏற்றத் தயங்குவார்களாம். நுவரெலியா ஏப்ரல் சீசனின் கடைசி நாளில் பெரிய கோப்பை ஓட்டம். அதில் ஓட்ட அவனுக்குக் கிடைத்த முதல் சந்தர்ப்பம் செவலைதான். பத்து நாள் எங்கள் தோட்டத்திலேயே தங்கிப் பழகினான். அவன் இடது கையால் இரண்டு தட்டுத் தட்டினால் செவலை கோடு போட்ட மாதிரி நேராக ஓடியது. எங்கள் மூளையை நாங்களே மெச்சிக்கொண்டோம்.

3. கோப்பை ஓட்டம்

நுவரெலியாவில் அன்று நல்ல வெயில். பாண்டு வாத்தியம், தொப்பி வைத்த சீமாட்டிகள், ஐஸ்கிரீம் வண்டி. எங்கள் தோட்டத்திலிருந்தும் ஒரு லொறி நிறைய ஆட்கள் வந்திருந்தார்கள். காலையில் வழக்கம்போல் வாளித் தண்ணீரால் கால்களைக் கழுவித் துடைத்துத் தடவினேன். மத்தியானம் சேணம் போட்டு ராஜனை ஏற்றிவிட்டேன்.

மேலே உட்கார்ந்ததும் குனிந்து கேட்டான். "அண்ணே, காலெல்லாம் சரியா இருக்கா?"

"சரி தம்பி. பயப்படாம போ."

ஓட்டம் எப்படிப் போனது என்று எனக்கு இன்றைக்கும் முழுதாக ஞாபகம் இல்லை. கடைசிப் பர்லாங்கில் செவலை இரண்டாவதாக வந்ததும், நான் வேலியில் ஏறி நின்று கத்தியதும் தெரியும். மறுபடியும் இடப்பக்கம் சாய ஆரம்பித்தது. ராஜன் இடது கையால் அடித்து நேராக்கினான். இன்னொரு அடி. காய்ந்த விறகு முறிகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. என்னைக் கடந்து பத்தடி தூரத்தில் செவலை தலைகுப்புற விழுந்தது. ராஜன் அதற்கு அடியில் போனான்.

எனக்கு வேலியிலிருந்து இறங்க வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை. பக்கத்தில் நின்றவர் பிடித்து உலுக்கிய பிறகுதான் ஓடினேன்.

ராஜனைத் தூக்கிக்கொண்டு போனார்கள். செவலை மூன்று காலில் எழுந்து நின்றது. வலது முன்னங்கால் முட்டிக்குக் கீழே தொங்கியது. அந்த நிலைமையிலும் என்னைப் பார்த்ததும் காதை முன்னால் நிமிர்த்தியது. தீனி கொண்டுவந்திருக்கிறேன் என்று நினைத்திருக்கும். மிருக வைத்தியர் வந்தார், பார்த்தார், இனித் தேறாது என்று தலையை ஆட்டினார். நாலு பேர் தார்பாயைப் பிடித்துச் சுற்றி மறைத்தார்கள். செவலையின் கயிறு என் கையில் இருந்தது. வெளியே பாண்டு வாத்தியத்தை யாரும் நிறுத்தவில்லை.

அந்தக் கயிறு திடீரென்று கனத்துப் போனதை என்னால் இன்றைக்கும் மறக்க முடியவில்லை.

4. ஓடைக்கு அந்தப் பக்கம்

ஒரு வாரமாக, "கால் குளிர்ச்சியாத்தானே இருந்துச்சு" என்று யாரைக் கண்டாலும் சொல்லிக்கொண்டிருந்தேன். தொரை, "ரேஸ்னா இதெல்லாம் நடக்கும் அந்தோணி, விட்டுரு" என்றார். அவர் இரண்டாம் நாளே விட்டுவிட்டார்.

மிச்சமிருந்த குதிரையை ஓட்டிவிட்டுத் திரும்பும்போது ஒரு நாள் ஓடைக்கு முன்னாலேயே அது நின்றுவிட்டது. கண் ஓரத்தில் ஓர் அட்டை ஏறியிருந்தது. அதைப் பிடுங்கிவிட்டு, சும்மா காலையும் தொட்டேன். வெதுவெதுவென்று இருந்தது. திடுக்கிட்டு மற்றக் காலைத் தொட்டேன். அதுவும் அதே வெதுவெதுப்பு. ஓடி முடித்த கால் அப்படித்தானே இருக்கும். பிறகு ஓடையில் இறக்கி, எப்போதும் போல் கழுவி, அக்கரையில் ஏற்றித் தொட்டேன். நாலும் ஐஸ்.

அங்கேயே புல்லில் உட்கார்ந்துவிட்டேன்.

எங்கள் மலைத் தண்ணீர் எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரியாதா? அதில் கால் மணி நேரம் நின்ற கால் எந்தக் காலாக இருந்தாலும் குளிர்ச்சிதான். என் கையும் அதே தண்ணீரில் மரத்துப்போய்த்தான் இருக்கும். மரத்த கையால் மரத்த காலைத் தடவி, குளிர்ச்சிங்க, குளிர்ச்சிங்க என்று தினமும் ஒப்புவித்திருக்கிறேன். ஒரு கால் மற்றக் காலைவிடச் சூடாக இருக்கிறதா என்று பார்க்கத்தான் தொட வேண்டும். அந்தச் சூட்டை நானே கழுவிவிட்டு, பிறகு தேடியிருக்கிறேன். ஒரு நாள் இல்லை, இரண்டு நாள் இல்லை, இரண்டு வருடம்!

ஈரக் காலோடு ஒப்பீஸுக்குப் போய்க் கிளாக்கர் ஐயாவிடம் சொன்னேன். அவர் அலுமாரியைத் திறந்து பழைய ரேஸ் புத்தகங்களை எடுத்தார். வலது கைச் சவுக்கு ஓட்டங்கள் நாலையும் பார்த்தார். முதல் இரண்டிலும் அதே ஜொக்கி, அதே வலது கை. சாய்ந்ததாக ஒரு வரிகூட இல்லை. அந்தப் பக்கங்களை என் பக்கம் திருப்பி வைத்தார்.

"சவுக்குக்குச் சாயேல்லை அந்தோணி. வலது கால் நொந்திருக்கு, பாரத்தை இடப்பக்கம் போட்டிருக்கு. எழுத்தில இருந்ததை நாங்கள்தான் வடிவா வாசிக்கேல்லை."

சாய்ந்து தப்பிக்கப் பார்த்த குதிரையை நேராக ஓட வைக்க, நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து ஆள் தேடிக் கொடுத்திருக்கிறோம்.

5. பதுளை ஆஸ்பத்திரி

ராஜனைப் பதுளை ஆஸ்பத்திரிக்கு மாற்றியிருந்தார்கள். இடுப்பெலும்பும் தொடையும் முறிந்திருந்தன. இனிமேல் குதிரை ஏற முடியாது என்று டொக்டர் சொல்லியிருந்தார். கட்டிலுக்குப் பக்கத்தில் அவன் மனைவி பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். நான் ஓடையின் கதையை ஒன்றுவிடாமல் சொன்னேன். திட்டுவான், அடிக்கக்கூட அடிப்பான் என்று தயாராகத்தான் போயிருந்தேன்.

அவன் கூரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"எனக்குத் தெரியும்ணே."

"என்னப்பா தெரியும்?"

"ஸ்டார்ட்டுக்கு மெதுவா ஓட்டிக்கிட்டுப் போனேன்ல, அப்பவே தெரிஞ்சிச்சு. வலது காலை ஊணுறப்ப ஒரு சின்னத் தயக்கம். ஒக்காந்திருக்கிற எனக்குத் தெரியாதா? எறங்கி மிருக டொக்டர்கிட்ட காட்டலாம்னுதான் நெனச்சேன்."

"ஏன் எறங்கல?"

தலையைத் திருப்பி என்னைப் பார்த்தான். அவன் முகத்தில் கோபமே இல்லை.

"நீங்கதான் சரின்னு சொன்னீங்களேண்ணே. தெனமும் தொட்டுப் பாக்குற மனுசன் சொல்லிட்டாரு, நமக்குத்தான் பயத்துல அப்படித் தோணுதுன்னு நெனச்சிக்கிட்டேன்."

நான் சூட்டைத் தவறவிட்டேன் என்பதுதான் என் குற்றம் என்று அதுவரை நினைத்திருந்தேன். அது பாதிதான். தவறவிட்டதை அவன் கண்டுபிடித்திருக்கிறான். என்னுடைய ஒரு வார்த்தை அவன் வாயை அடைத்துவிட்டது. அந்தக் கட்டிலுக்குப் பக்கத்தில் எனக்கு வந்த அதிர்ச்சி, செவலை விழுந்தபோதுகூட வரவில்லை. மனைவி பிள்ளை முன்னாலேயே அழுதுவிட்டேன். ராஜன்தான் என் கையைப் பிடித்துத் தேற்றினான்.

இதுதான் நான் படித்த பாடம். ஓட்டம் முடிந்ததும், தண்ணீர் படுவதற்கு முன்னால், காய்ந்த கையால் தொடுங்கள். இரண்டு காலையும் மாற்றி மாற்றித் தொடுங்கள். பேப்பரில் எண்ணை மட்டும் பார்க்காமல் குறிப்பையும் வாசியுங்கள். உங்களுக்குப் பிடித்த காரணம் உடனே கிடைத்துவிட்டால் இன்னொரு தடவை வாசியுங்கள். இதெல்லாம் யாரும் பழகிக்கொள்ளலாம்.

அதன் பிறகு எந்த ஜொக்கிக்கும் "சரி" என்ற பதிலை நான் கொடுக்கவில்லை. "காலையில ஆறே காலுக்குத் தொட்டேன், கால் காய்ஞ்சிருந்துச்சு, ரெண்டும் ஒரே சூடு. இனி நீ ஏறிப் பாத்துச் சொல்லு" என்பேன். சிலருக்கு எரிச்சல் வரும். "என்னண்ணே, ஒரு வார்த்தை சரின்னு சொன்னா கொறஞ்சா போயிருவீங்க?" என்பார்கள்.

பல வருடம் கழித்து ஒரு சீசனில் புதுப் பையன் ஒருவன் ஸ்டார்ட் வரைக்கும் போனவன், இறங்கி, குதிரையை நடத்திக்கொண்டே திரும்பி வந்துவிட்டான். இடது பின்னங்கால் சரியில்லை என்று அவனுக்குப் பட்டதாம். மிருக வைத்தியர் வந்து தடவிப் பார்த்தார், நடக்கவிட்டுப் பார்த்தார். ஒன்றுமே இல்லை என்றார். அதற்குள் ஓட்டம் முடிந்துவிட்டது. தொரை அத்தனை பேர் முன்னாலும் அவனைக் காய்ச்சி எடுத்தார். பையன் கூனிக் குறுகி நின்றான்.

அவனைக் கூட்டிக்கொண்டு போய் ஒரு பிளேன் டீயும் இரண்டு வடையும் வாங்கிக் கொடுத்தேன். ஏன் வாங்கிக் கொடுக்கிறேன் என்று அவனுக்கு விளங்கவில்லை. மூன்றாவது வடையையும் நானே எடுத்து அவன் தட்டில் வைத்தேன்.