படியேறும் அன்னமேரி

“எந்திரிங்க யக்கா. இன்னும் ஒரு திருப்பந்தான், ஆறாவது மாடி வந்துரும்.”

சொர்ணம்மாள் எழுந்திருக்கவில்லை. படியில் உட்கார்ந்தவள் அப்படியே சுவரில் சாய்ந்தாள். பால் பை கையிலிருந்து நழுவிக் கீழ்ப்படிக்குச் சரிந்தது. நெற்றியில் வியர்வை முத்து முத்தாக நின்றது. தை மாதக் காலை. படிக்கட்டு ஜன்னலில் குளிர்ந்த காற்று வந்துகொண்டிருந்தது. தினம் ஏறுகிற படிதான், இந்தக் குளிரில் எதற்கு இப்படி வியர்க்கவேண்டும்?

அன்னமேரி குனிந்து அந்த நெற்றியைத் தொட்டாள். இதே வியர்வையை அவள் ஒருமுறை பார்த்திருக்கிறாள்.

“நெஞ்சு வலிக்கா? யக்கா, நெஞ்சா?”

“தெரியல மேரி... கையெல்லாம் ஆடுது. கண்ணு முன்னால பூச்சி பறக்குது.”

முன்னால் ஏறிப்போன பரீஹா திரும்பி ஓடிவந்தாள். ஆறாவது மாடிப் பெண், கல்லூரியில் படிக்கிறாள்.

“ஆன்ட்டி, அட்டாக்கா?”

“வாயக் கழுவு பிள்ளே.”

ஆனால் அன்னமேரியும் அதைத்தான் நினைத்தாள். சொர்ணம்மாளைப் படிக்கு இழுத்துவந்தவள் அவள்தான். “சித்தி, எங்கம்மா விழுந்து கிடந்தா ஒங்களத்தான் கேப்பேன், பாத்துக்கிடுங்க” என்று சொர்ணம்மாளின் மகன் மாரிக்கண்ணன் சிரித்துக்கொண்டு சொல்லியிருந்தான். அப்போது அவளும் சிரித்தாள்.

குடிசையில் இருந்தவரை தாராவியில் யாரும் யாரையும் நடக்கச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. தண்ணீருக்கு நடந்தார்கள். கக்கூஸுக்கு நடந்து வரிசையில் நின்றார்கள். குடிசைகளை இடித்துவிட்டு மாடி மாடியாகக் கட்டிக் கொடுத்தார்கள். குழாய் வீட்டுக்குள் வந்தது, கக்கூஸ் வீட்டுக்குள் வந்தது, லிஃப்ட் வந்தது. பின்னாலேயே சர்க்கரையும் முட்டுவலியும் வந்தன.

அன்னமேரிக்கு ரெடிமேட் பட்டறையில் சட்டையில் நூல் பிசிறு வெட்டும் வேலை. பகல் முழுக்கச் சம்மணம் போட்டு உட்கார்ந்திருப்பவள் தினமும் ஒன்பது மாடி ஏறி வருவதைப் பெண்கள் பார்த்தார்கள். “ஒனக்கு முட்டு வலிக்கலையாளா?” என்று கேட்டாள் சொர்ணம்மாள். “ஏறாம இருந்தாத்தான் வலிக்கும், வந்து பாருங்க” என்றாள் அன்னமேரி. சொர்ணம்மாள் வந்தாள். பிறகு ஒவ்வொருத்தியாக வந்தார்கள். வெறுங்கையோடு ஏறி இறங்க அவர்களுக்குக் கூச்சம். வேலைவெட்டி இல்லாமல் ஏறுகிறாளுகள் என்று ஆண்கள் சிரிப்பார்கள். அதனால் பால் வாங்கிவருவதுபோல் ஆளுக்கொரு பால் பை. வீட்டில் பால் இருந்தாலும் பை இல்லாமல் படியில் கால் வைக்கமாட்டாள் சொர்ணம்மாள்.

அன்னமேரி உடம்புக்காகப் படி ஏற ஆரம்பிக்கவில்லை. பயத்தில் ஆரம்பித்தாள். மூன்று வருஷத்துக்கு முன் புருஷன் அமிர்தநாதன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். தாங்கிப் பிடித்து லிஃப்டில் ஏற்றினாள். ஏழுக்கும் ஆறுக்கும் நடுவில் கரண்ட் போயிற்று. இருட்டில் அவன் மூச்சு மட்டும் கேட்டது. பிறகு அதுவும் கேட்கவில்லை. கதவு திறந்தபோது அவன் நெற்றி ஈரமாகவே இருந்தது. லிஃப்டில் அவன் செத்தது கட்டிடத்துக்கே தெரியும். அவள் படியேறுவதை மட்டும் யாரும் அதோடு சேர்த்துப் பார்க்கவில்லை. கால் வலுத்தது தானாக நடந்தது. மற்றவர்களைக் கூப்பிட்டதும் தனியாக ஏறப் பயந்துதான்.

இருவருமாகச் சொர்ணம்மாளைக் கக்கத்தில் கைகொடுத்து ஐந்தாவது மாடிக்கு இறக்கினார்கள். பரீஹா பட்டனை அமுக்கினாள். லிஃப்ட் முனகிக்கொண்டு மேலே வருவது கேட்டது. கதவு திறந்தது. உள்ளே லைட் ஒரு துடி துடித்துவிட்டு எரிந்தது.

“நீ கூட்டிட்டுப் போ பிள்ளே. நான் படியில ஓடியாறேன். ஒங்களுக்கு முந்தி கீழ நிப்பேன்.”

“பாகலா நீங்க? பைத்தியம் மாதிரி பேசாதீங்க ஆன்ட்டி! நான் எட்டாவது மாடிக்குப் போய் மாரி அண்ணனை எழுப்பணும். நைட் டூட்டி முடிச்சுத் தூங்குறாரு, ஃபோன் எடுக்கல.”

அவள் ஓடிவிட்டாள்.

சொர்ணம்மாளின் கை அன்னமேரியின் முந்தானையைச் சுருட்டிப் பிடித்திருந்தது. விரல்கள் பச்சைத் தண்ணீராகக் குளிர்ந்திருந்தன. “விட்டுராத, மேரி.” அந்த விரல்களைத் தன் கை ஒவ்வொன்றாகப் பிரிப்பதை அன்னமேரி பார்த்தாள். இரண்டு விரலைப் பிரித்துவிட்டாள். அப்புறம் நிறுத்தினாள்.

உள்ளே போனாள். கதவு மூடியது.

மாதாவே. மாதாவே. அதற்குமேல் ஜெபம் வரவில்லை. நாலாவது மாடியில் லிஃப்ட் ஒரு குலுங்கு குலுங்கியது. லைட் மங்கியது. தோளில் கிடந்த தலை கனத்தது.

“பேசுங்க யக்கா. தூங்காதீங்க, பேசுங்க.”

“என்னத்தப் பேச...”

“என்னத்தையாவது. என்னைய ஏசுங்க.”

சொர்ணம்மாளின் நாக்கு தடித்துப் புரண்டது. “நேத்து... ஊர்லேருந்து அல்வா வந்துச்சு. நெறயத் தின்னுட்டேன்.”

“சரி.”

“காலையில ரெண்டு மாத்திரை போட்டேன். சக்கர மாத்திரை. ஒண்ணு எப்பவும் போடுதது. ஒண்ணு அல்வாவுக்கு.”

“வயித்துக்கு என்ன சாப்பிட்டீங்க?”

“ஒண்ணுமில்ல. அதான் நேத்தே தின்னேனே. ஒங்கிட்டச் சொன்னா ஏசுவ...”

நெஞ்சு இல்லை. சர்க்கரை இறங்கியிருக்கிறது. பட்டறையில் ஒருத்தி இப்படித்தான் சட்டைக் குவியலில் சரிந்தாள். அன்னமேரிக்கு நிம்மதி வரவில்லை; பயம் இன்னும் கூடியது. ஒரு வாய் சீனி போதும், அந்தச் சீனி கதவுக்கு வெளியே இருக்கிறது. கரண்ட் இப்போது போனால் இவளும் என் மடியிலேதான். கதவுக்கு மேல் எரிந்த மாடி எண்களையே பார்த்தாள். மூன்று. வெகுநேரம் மூன்று. இரண்டு.

கீழே கதவு திறந்ததும் கத்தினாள். “ஜமால்! சீனி கொண்டா! ஷக்கர்!”

“கியா ஹுவா, மௌசி?” என்ன ஆயிற்று என்று கேட்டபடி வாட்ச்மேன் ஜமால் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தான்.

“ஷக்கர், ஷக்கர்! நிக்காம ஓடு!”

அவன் கேட்டுக்கு வெளியே டீக்கடைக்கு ஓடி, டப்பாவையே தூக்கிக்கொண்டு வந்தான். தண்ணீரில் கரைத்து உதட்டில் வைத்தாள். பாதி கழுத்தில் வழிந்தது. பாதி உள்ளே போயிற்று. “முழுங்குங்க. இன்னொரு மடக்கு.”

மாரிக்கண்ணன் பட்டன் போடாத சட்டையோடு படியில் இறங்கி வந்தான். தாயைப் பார்த்தான், அன்னமேரியைப் பார்த்தான். அவள் கையிலிருந்த தாயைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான். அது திட்டுவதைவிட மோசமாக இருந்தது. ஆட்டோ வந்தது. சொர்ணம்மாளைத் தூக்கி உட்கார வைத்தபோது அவள் கண் திறந்து, “ஏளா, பால் பை எங்க?” என்றாள்.

ஜமால் சிரித்துவிட்டான். அன்னமேரி ஆட்டோவில் ஏறப் போனாள்.

“வேண்டாம் சித்தி. நான் பாத்துக்கிடுதேன்.”

ஆட்டோ போயிற்று. அன்னமேரி சீனி டப்பாவை மூடி வைத்தாள். ஜமாலின் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

மறுநாள் அன்னமேரி வழக்கம்போல் பால் வாங்கப் போனாள். படிக்கட்டில் யாரும் இல்லை. பெண்கள் லிஃப்டுக்கு நின்றார்கள். ஒருத்தி தலையை ஆட்டினாள், மற்றவர்கள் ஃபோனைப் பார்த்தார்கள். பரீஹாவுக்குப் பரீட்சை என்று அவள் அம்மா சொன்னாள். அன்னமேரி தனியாக ஏறினாள். எல்லா மாடியிலும் நின்று தன் நெஞ்சில் கை வைத்துப் பார்த்தாள். பிறகு வேலைக்குப் போய் வந்தாள். மத்தியானமே ஆஸ்பத்திரியிலிருந்து சொர்ணம்மாளை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். சாயங்காலம் எட்டாவது மாடிக்குப் போய்ப் பார்த்தாள். சொர்ணம்மாள் தூங்கிக்கொண்டிருந்தாள். சாப்பிட்டுவிட்டு நடக்கலாம் என்று டாக்டர் சொன்னதாக மாரிக்கண்ணன் சொன்னான். படி வேண்டாம் என்று தானே அம்மாவிடம் சொல்லிவிட்டதாகவும் சொன்னான். சரி தம்பி என்றாள். அவன் மனைவி டீ கொடுத்தாள். குடித்துவிட்டு அன்னமேரி ஒரு மாடி ஏறி வீட்டுக்குப் போனாள். உலை வைத்தாள்.