அக்கா வாங்கிய அமரர் ஊர்தி

எங்கள் அன்பு அக்கா எங்களை விட்டுப் பிரிந்து ஓராண்டாகிறது. இந்த நினைவு மலரின் அட்டையில் ‘சமூக சேவகி’ என்று அண்ணன் அச்சிடச் சொல்லியிருக்கிறார். அக்கா தம்மை அப்படிச் சொல்லிக்கொண்டதில்லை. அவர் பிண வண்டி ஓட்டினார். உறவினர்களாகிய நீங்கள் அதை அப்படித்தான் அழைத்தீர்கள்.

அக்கா ஆட்டையாம்பட்டியில் பிறந்து, திருச்செங்கோட்டுக்கு வாழ்க்கைப்பட்டவர். மாமா ரிக் வண்டியில் ஆழ்துளைக் கிணறு தோண்டும் வேலைக்குப் போனவர். ஆந்திராவில் வேலை நடந்த இடத்திலேயே மாரடைப்பில் இறந்துபோனார். குழாய் ஏற்றும் லாரியில், குழாய்களுக்கு நடுவே தார்ப்பாயில் சுற்றி அவரைக் கொண்டுவந்து இறக்கினார்கள். வழி நெடுக அடிபட்டு அவர் நெற்றி கன்றிப்போயிருந்தது. முகத்தில் இருந்த கிரீஸை அக்காவே துடைத்தார். அதற்குப் பிறகு அவர் யாரிடமும் அதைப் பற்றிப் பேசவில்லை.

பிழைப்புக்காக லாரி பாடி கட்டும் பட்டறை ஒன்றில் சீட் தைக்கும் வேலைக்குச் சேர்ந்தார். அந்தப் பட்டறையின் பின்புறம் ஒரு பழைய அமரர் ஊர்தி முள்செடிக்குள் கிடந்தது. மூக்கு நீண்ட வேன். மூன்று பக்கமும் கண்ணாடி, மேலே மரத்தில் கடைந்த சின்னத் தூண்கள். எப்போதோ பழுது பார்க்க விட்டவர்கள் திரும்பி வரவே இல்லையாம். ஒருநாள் அக்கா அதை விலைக்குக் கேட்டார்.

பட்டறைக்காரர் சிரித்தார். “அத வாங்கி என்னங்க பண்ணப் போறீங்க? கோழி கூட அதுல அடையறதில்லீங்க.”

“ஓட்டப் போறனுங்க,” என்றார் அக்கா.

அதுவரை அவர் பெயரில் ஒரு மொபெட் கூட இருந்ததில்லை. ஆர்.சி. புத்தகம் தம் பெயருக்கு மாறி வந்த அன்று எல்லோர் வீட்டுக்கும் மைசூர்பாகு கொண்டுபோனார். “பொண வண்டிக்கு இனிப்பு ஒரு கேடா?” என்று திருப்பிக் கொடுத்தவர்கள் உண்டு.

வண்டி அவரைப் பாடாய்ப் படுத்தியது. தரைத் தகடு கையோடு பெயர்ந்து வந்தது. சேலத்தில் ஒருவர் நல்ல கியர் பாக்ஸ் என்று சொல்லிப் பல் தேய்ந்ததைத் தலையில் கட்டினார். புதிதாகப் போட்ட கண்ணாடி, சட்டம் கோணலாக இருந்ததால் விரிசல் விட்டது. மெக்கானிக் சின்னராசு ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து எஞ்சினைப் பிரித்து மாட்டினார். டிங்கரிங் முடிந்ததும் உப்புத்தாள் வைத்துத் தேய்த்தது அக்காதான். உட்புறத்துக்கு வெள்ளை ரெக்சினில் மெத்தை தைத்தார். தலை வைக்கும் இடத்தில் மட்டும் பஞ்சை இரட்டிப்பாகத் திணித்தார். எஞ்சின் முதன்முதலாக உறுமிய அன்று வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, “ஒருக்கா நிறுத்திட்டு மறுக்கா போடுங்க சின்னராசு,” என்றார். அன்று சிரித்ததுபோல் அவர் சிரித்து நான் பார்த்ததில்லை. ஓட்டுநர் உரிமமும் எடுத்தார். எஃப்.சி. தகுதிச் சோதனையில் பிரேக் சரியில்லை என்று திருப்பி அனுப்பினார்கள். சரி செய்துகொண்டு மறுபடியும் போனார்.

வண்டியைப் பிறந்த ஊரில், எங்கள் வீடுகளுக்குப் பொதுவான களத்தில்தான் நிறுத்தினார். சில மாதங்களில் அண்ணன் மகளுக்கு வாழப்பாடியிலிருந்து சம்பந்தம் வந்தது. அண்ணன் வாசலில் நின்றபடியே சொன்னார்: “நாளைக்குப் பொண்ணு பார்க்க வாராங்க அம்மிணி. வண்டிய எங்கியாச்சும் கொண்டு போயிரு. நீயும் ரெண்டு நாளைக்கு இந்தப் பக்கம் வர வேண்டாம்.”

“சரிங்ணா,” என்றார் அக்கா. வண்டியை ஏரிக்கரைக்கு ஓட்டிக்கொண்டு போனார். அது பிறகு களத்துக்குத் திரும்பவில்லை.

கொரோனா வந்தது. சொந்தப் பிள்ளைகளே தொடப் பயந்த உடல்களை அக்கா ஏற்றினார். அண்ணனின் சம்பந்தி ஆஸ்பத்திரியில் இறந்தபோது வேறு எந்த வண்டியும் வரவில்லை. அவரை வாழப்பாடிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்ததும் அக்காதான். அந்த வீட்டில் மறு வருடம் நடந்த காதுகுத்துக்கு எங்கள் எல்லோருக்கும் அழைப்பு வந்தது. அக்காவுக்கு வரவில்லை.

வயிற்றில் கட்டி என்று தெரிந்த பிறகும் முடிந்தவரை ஓட்டினார். சேலத்தில் சிகிச்சைக்கு நானும் அவரும் பஸ்ஸில் போய் வந்தோம். பார்க்க வந்தவர்கள் மிகச் சிலர். ஒரு காலை வேளையில், என் வீட்டில், அமைதியாகக் கண் மூடினார்.

சின்னராசு அக்காவின் வண்டியைக் கழுவி, மாலை கட்டி, தெருமுனைக்குக் கொண்டுவந்து நிறுத்தினார். அதற்குள் அண்ணன் கலர் விளக்கு வைத்த வாடகை வண்டி ஒன்றை வரவழைத்துவிட்டார்.

“அந்த ஓட்டை வண்டில ஏத்துனா நாலு பேரு என்ன பேசுவாங்க சாமி? கடைசிலயாச்சும் மரியாதையாப் போகட்டும்,” என்றார் என்னிடம்.

“மரியாதையாப் போகணும்னுதானுங்ணா அக்கா அதச் செஞ்சு வெச்சாங்க,” என்றேன். அண்ணன் மாலை வாங்கப் போய்விட்டார். ஊர்வலத்தின் பின்னால் காலியாக வந்த அக்காவின் வண்டியைச் சாலை வளைவிலேயே நிறுத்தச் சொன்னார்கள். சின்னராசு நிறுத்தினார். கருமாதிக்கு முன்பே அது பழைய இரும்புக் கடைக்குப் போய்விட்டது. என்னிடம் யாரும் கேட்கவில்லை.

நன்றி சொல்ல வேண்டியவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். கூலி கேட்காமல் உழைத்த சின்னராசுவுக்கு. சிரித்தாலும் பட்டறையில் இடம் கொடுத்தவருக்கு. வண்டிக்கு நிழலில் இடம் விட்ட ஏரிக்கரை டீக்கடைக்காரருக்கு. அக்காவை இரவு பகலாகக் கவனித்த செவிலியர்களுக்கு.

உறவினர்களுக்கும் ஒன்று. உங்கள் வீட்டு இழவுகளுக்கு அக்கா வந்தபோது அவரைப் படியேற விட்டதில்லை. காகிதக் கப்பில் தண்ணீர் கொடுத்தீர்கள். அக்கா அதைக் குடித்துவிட்டு, கப்பைத் தாமே எடுத்துக்கொண்டு போவார். அவருக்கு வருத்தம் இருந்ததா என்று எனக்குத் தெரியாது. எனக்கு இருக்கிறது, ஓராண்டாகியும் குறையவில்லை. இன்று அக்காவின் படத்துக்கு முன்னால் எல்லோருக்கும் இலை போட்டிருக்கிறேன். உள்ளே வந்து, உட்கார்ந்து, சாப்பிட்டுவிட்டுப் போங்கள்.

இப்படிக்கு,
தங்கை