தும்மக் கூடாது

சின்ன வயதில் அம்மை போட்டு என் இடது கண் போய்விட்டது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபதுகளில், மிச்சமிருந்த வலது கண்ணிலும் விழித்திரை கழன்றுவிட, அதை ஒட்டவைக்க மதுரையில் ஆபரேஷன் நடந்தது. இதுவும் போனால் சிவகாசியில் டீச்சர் வேலையும் போய், வீட்டு மூலையில் உட்கார வேண்டியதுதான்.

இரண்டு கண்ணையும் கட்டி, தலைக்கு இருபக்கமும் மணல் பை வைத்து மல்லாக்கப் போட்டிருந்தார்கள். அசையக் கூடாது, இருமக் கூடாது, முக்கியமாகத் தும்மக் கூடாது. ஒட்டியது பிய்ந்துவிடும் என்று டாக்டர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். கட்டை போலக் கிடக்க எரிச்சல் எரிச்சலாக வந்தது.

அப்போதுதான் விருதுநகரிலிருந்து அண்ணன் வந்தார். மிளகாய் மண்டியில் வேலை. லோடு இறக்கிவிட்டு உடுத்திய வேட்டியோடு ரயிலேறியிருக்கிறார். வாசலில் நுழையும்போதே நெடி சொல்லிவிட்டது, வந்தது அவர்தான் என்று. பக்கத்துக் கட்டில்காரி தும்மினாள். நர்ஸம்மாவும் தும்மினார். அண்ணனுக்கு மட்டும் ஒன்றும் உறைக்கவில்லை. மண்டி மூக்கு எப்போதோ மரத்துப்போயிருந்தது.

"என்னத்தா, வேர்க்குதா?" என்று தோள் துண்டை உதறி விசிறினார். அட பாவி மனுசா!

மேலுதட்டை விரலால் அழுத்திக்கொண்டேன். "அண்ணே, வெளிய போங்க" என்று சொல்ல வாய் திறந்தேன். தும்மல்தான் வந்தது.

கட்டுக்குள் சுருக்கென்றது. "போச்சு, அம்புட்டும் போச்சு!" என்று கத்தினேன்.

"ஆபரேஷன் பண்ணுன புள்ளகிட்ட இப்படியா வருவீக?" என்று நர்ஸம்மா அவரை வெளியே விரட்டினார். வராந்தாவில் அண்ணன் விசும்புவது கேட்டது. எனக்குப் பாவமாகவே இல்லை, ஆத்திரம்தான். கட்டுப் பிரிக்கும்வரை பயத்திலேயே கிடந்தேன்.

பிரித்தார்கள். வெளிச்சம் தெரிந்தது. ஜன்னல் தெரிந்தது, கம்பிகள் நெளிந்திருந்தன. டாக்டரின் வெள்ளைக் கோட்டு தெரிந்தது. முகம் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் மங்கல்.

"விழித்திரை நல்லா ஒட்டியிருக்கும்மா. ஆனா நடுப்பகுதி ஆபரேஷனுக்கு முன்னாலயே கெட்டுப்போச்சு. தும்மினதால இல்ல. நடமாடலாம், எழுத்தும் முகமும் தெரியறது கஷ்டம்" என்றார்.

வேலை போனது. அண்ணனிடம் டாக்டர் சொன்னதை எத்தனையோ தடவை சொன்னேன். அவர் நம்பவில்லை.

வீட்டுக்கு வந்தபின் ஒரு சாயங்காலம் வாசலில் யாரோ நின்றார்கள். வெள்ளை வேட்டி மட்டும் தெரிந்தது. சோப்பு வாசனை அடித்தது.

"யாருங்க? யாரைப் பாக்க வந்தீக?" என்றேன்.

"நாந்தாத்தா" என்றார் அண்ணன். "நல்லாத் தேச்சுக் குளிச்சிட்டுத்தான் வந்தேன்."

"இனிமே குளிக்காம வாங்கண்ணே" என்றேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. "அந்த நெடியும் இல்லேன்னா உங்கள நான் எப்படிக் கண்டுபிடிப்பேன்?"