விரல் இல்லாத மேப்பிள்

ஸ்டெல்லா அக்கா அடையாளம் கண்ட மரத்தின் அட்டையில் வேறொருவர் பெயர் இருக்கிறது. காய்ந்த செடிகளை ஒட்டிப் பாதுகாக்கும் எங்கள் கல்லூரியின் உலர்தாவர அறையில் அவரோடு பழகிய எல்லோருக்கும் இது தெரியும். போன வாரம் தாகேதா பேட்டையிலிருந்து அவருடைய தங்கை அழைத்து, “அக்கா காலைல போயிட்டா தம்பி” என்றபோது அந்த அட்டைதான் எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது.

அக்கா தட்டச்சர். பட்டம் கிடையாது. நான் காய்ந்த கிளைகளை ஒட்டுவேன். அவர் அட்டையில் பெயரைத் தட்டச்சில் அடிப்பார். மதியம் ஒரே தட்டில் லபெட் என்ற பர்மிய ஊறுதேயிலைக் கலவை சாப்பிடுவோம். வறுத்த கடலையெல்லாம் அவர் பக்கம் போய்விடும். “கடலை எனக்கு, தேயிலை உனக்கு. இலை பாத்துப் பழகுறவன்தானே நீ” என்பார்.

ஒருமுறை வாயில்காவலர் ஊ தாங் தன் சின் மலை ஊரிலிருந்து ஒரு கிளையும் காகிதப் பொட்டலமும் கொண்டுவந்தார். மேப்பிளாக இருக்குமோ என்று கேட்டேன். நாங்கள் ஸயா, அதாவது ஐயா, என்று அழைக்கும் பொறுப்பாளர் சிரித்தார். “மேப்பிள் இலைக்கு விரல் இருக்கும். இது மாவிலை மாதிரி நீட்டமா இருக்கு.”

“ஸயா, அது கனடா நாட்டுக் கொடியில இருக்கிற இலை” என்றார் அக்கா. கிளையைத் திருப்பினார். இலைகள் எதிரெதிராக ஜோடி ஜோடியாக நின்றன. அடிப்புறம் சுண்ணாம்பு பூசியதுபோல் வெளுத்திருந்தது. பிறகு, யாரும் பிரிக்காத அந்தப் பொட்டலத்தைப் பிரித்தார். உள்ளே இரண்டிரண்டாக ஒட்டிய, இறக்கை வைத்த காய்கள். ஒன்றைப் பிய்த்து நாற்காலிமேல் ஏறிப் போட்டார். அது சுற்றிச் சுற்றி ஸயாவின் காலடியில் இறங்கியது.

“இப்ப சிரிங்க” என்றார்.

வாழிடம் என்ற இடம் அட்டையில் காலியாக இருந்தது. காவலரிடம் போய்க் கேட்க ஸயாவுக்குக் கௌரவக் குறைச்சல். அக்கா வாயிலுக்குப் போனார். “ஓடைக்கு மேல, மேகம் இறங்குற சரிவுல. மரமெல்லாம் பாசியா இருக்கும்” என்றார் ஊ தாங். அக்கா அதை அப்படியே தட்டச்சில் அடித்தார். அடையாளம் கண்டவர் என்ற இடத்தில் ஸயா தன் பெயரைச் சொன்னார். அதையும் அக்காவே அடித்தார்.

நான் கொதித்தேன். “மரத்துக்குப் பேர் கிடைச்சிருச்சுல்ல, கடலைய எடு” என்றார் அக்கா. முதன்முறையாகக் கடலை கொடுத்தார். அன்று அவர் முகத்தில் இருந்த நிறைவு பொய்யில்லை. எனக்குத்தான் போதவில்லை.

அவரிடமிருந்து எனக்கு வந்தது ஒரு பழக்கம். இப்போதெல்லாம் முதலில் பொட்டலத்தைப் பிரிக்கிறேன், கொண்டுவந்தவரைக் கேட்கிறேன்.

தவறைத் திருத்த, பழைய அட்டையைக் கிழிக்காமல் பொறுப்பாளர் கையெழுத்தோடு பக்கத்தில் புதுச் சீட்டு ஒட்டலாம். அது எங்கள் அறையின் வழக்கம். நேற்று அடையாளம் கண்டவர் என்று அக்காவின் பெயரைப் புதுச் சீட்டில் தட்டச்சு செய்து ஸயாவின் மேசையில் வைத்தேன்.

“கையெழுத்துப் போடுங்க ஸயா.”

அவர் எழுந்து மின்விசிறியின் வேகத்தைக் கூட்டினார். சீட்டு பறக்காதபடி அதன்மேல் கையை வைத்துக்கொண்டேன்.

“போடுங்க.”