பார்த்தால் பதுங்குகிற புரோகிராம்கள்

கம்ப்யூட்டர் ரிப்பேர் என்றால் ஸ்குரு டிரைவர் வேலை என்று நினைப்பார்கள். பாதி நாள் அது துப்பறியும் வேலை. ஜமுனாமரத்தூரில் கடை வைத்திருக்கிறேன். மலைக்கு மேலேயும் கீழேயும் யார் வீட்டுக் கம்ப்யூட்டருக்குப் பேய் பிடித்தாலும் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு ஓடுகிறவள் நான்தான். உங்கள் வீட்டுப் பெட்டியும் சொன்ன பேச்சைக் கேட்காத ரகம் என்றால், வாருங்கள், நாம் ஒரே கட்சி.

ஆன் செய்தால் ஒரு அம்மா

காவலூரில் முனுசாமி என்று ரிட்டையர் ஆன பஸ் டிரைவர். கம்ப்யூட்டரை ஆன் செய்ததும் திரை முழுக்கச் சிவப்பாகி, ஒரு பெண் குரல் இங்கிலீஷில் கத்த ஆரம்பித்துவிடும். உடனே இந்த நம்பருக்குப் போன் செய், இல்லாவிட்டால் எல்லாம் அழிந்துவிடும் என்று மிரட்டல். அவர் மனைவி பயந்துபோய் அந்த அறைப் பக்கமே போவதில்லை.

ஆன் ஆகும்போது கூடவே எழுந்திருக்கிற புரோகிராம்களை ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்த்தேன். நான்காவதை நிறுத்தியதும் குரல் போச்சு! அது எது தெரியுமா? அவர் இலவசமாகக் கிடைக்கிறதே என்று ஏற்றிய பஞ்சாங்கம். அதன் முதுகில் ஏறி வந்திருக்கிறாள் அந்த அம்மா. இரண்டையும் அழித்தேன். முனுசாமி நெற்றியில் அடித்துக்கொண்டார்: “ராகு காலம் எப்பன்னு கரெக்டா காட்டுச்சும்மா. ராகு உள்ளயே குந்தினு இருக்காருன்னு காட்டலியே!”

தானாக நகர்ந்த அம்பு

புதூர்நாட்டுப் பக்கம் செல்வி. சுற்றுவட்டாரப் பெண்கள் சேர்ந்து சாமையும் தேனும் விற்கிறார்கள். ஆர்டர், பேங்க் கணக்கு எல்லாம் செல்வி வீட்டுக் கம்ப்யூட்டரில்தான். ஒரு நாள் காலையில் போன். “அக்கா, அம்பு தானா நவுருது. நான் கையே வெக்கல. பேங்க் பக்கத்தைத் தொறக்குதுக்கா!”

ஸ்கூட்டி சாவியைத் தேடிக்கொண்டே கேட்டேன்: “நேத்து யாராவது எதையாவது ஏத்தச் சொன்னாங்களா?”

“பெரிய ஆர்டர்னு ஒருத்தர் போன் பண்ணாரு. பணம் அனுப்ப இது வோணும்னு சொன்னாரு...”

“நெட்டைப் புடுங்கு! லைட்டு மினுக்கிற பொட்டி இருக்குல்ல, அதோட ஒயரைப் புடுங்கு!”

போனில் தடால் என்று சத்தம். அப்புறம் மூச்சு வாங்குகிற சத்தம். பேங்குக்குப் போன் செய்து கணக்கை உடனே நிறுத்தி வைக்கச் சொல் என்று கத்திவிட்டு வண்டியைக் கிளப்பினேன். வளைவுகளில் ஹாரனை விட்டுக் கை எடுக்கவில்லை.

போய்ப் பார்த்தால், எங்கிருந்தோ நம் கம்ப்யூட்டரை ஓட்டுவதற்கான புரோகிராம். அழித்துவிட்டேன். ஆனாலும் மனசு ஒப்பவில்லை. இவ்வளவு சுலபமாகவா விட்டுவிட்டுப் போவான்? மறுபடியும் தேடினேன். ‘பிரிண்டர் உதவி’ என்று சாதுவாக ஒன்று உட்கார்ந்திருந்தது. அந்த வீட்டில் பிரிண்டரே கிடையாது! மாட்டினான்! அதையும் வேரோடு பிடுங்கினேன். கணக்கில் கை வைக்க முடியவில்லை என்று பேங்கிலிருந்து சொன்னதும் செல்வி அழுதே விட்டாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஆணியோடு பெயர்ந்து கீழே கிடந்த நெட் பெட்டியைக் காட்டினாள்: “ஒயரைத்தான் புடுங்கச் சொன்னீங்க. நான் பொட்டியவே புடுங்கிட்டேன்கா. தப்பில்லியே?”

ககககக

ஜீப் ஓட்டுகிற அண்ணாமலை வீட்டில், எதைத் திறந்தாலும் ‘க’ என்ற எழுத்து நிற்காமல் ஓடியது. ஆகா, புது வகை வைரஸ் என்று குஷியாகிவிட்டேன். காலை முழுவதும் மூலை முடுக்கெல்லாம் துழாவினேன். ஒன்றும் சிக்கவில்லை. டீ கொண்டுவந்த அவர் மனைவி திரையைப் பார்த்தார், கீபோர்டைப் பார்த்தார். “பலாப்பழம் அறுத்த கையோட இந்தாளுதான் பாட்டு தேடினு இருந்தாரு. பாலு ஒட்டிக்கிச்சோ இன்னாவோ?”

வேவு பார்த்தால் தூக்கம்

கலசப்பாக்கத்தில் ஏழுமலை என்கிற நெல் விவசாயியின் மகள் இந்துவுக்கு ஆன்லைனில் வேலை இன்டர்வியூ. நான் போய்ச் சேரும்போது இன்னும் அரை மணிதான் இருக்கிறது; கம்ப்யூட்டரோ ரைஸ் மில் மாதிரி இரைகிறது, கொதிக்கிறது, நகர மாட்டேன் என்கிறது. எந்தப் புரோகிராம் இப்படி உழைக்கிறது என்று பார்க்கும் ஜன்னலைத் திறந்தேன். கப்சிப்! மூடினேன், இரைச்சல். திறந்தேன், அமைதி. எனக்குப் புல்லரித்துவிட்டது. நாம் பார்க்கிறோம் என்று தெரிந்தால் பதுங்குகிறது! யாரோ ஒருவனுக்குக் கிரிப்டோ என்கிற இணையக் காசு சம்பாதித்துக் கொடுக்க, இவர்கள் கரண்டைத் தின்று கணக்குப் போடும் திருட்டுப் புரோகிராம்.

தேடிப் பிடிக்க நேரமில்லை. அந்த ஜன்னலை ஓரமாகத் திறந்தே வைத்துவிட்டு, “நீ பேசும்மா” என்றேன். இன்டர்வியூ முடியும் வரை அது மூச்சு விடவில்லை. இந்து எழுந்ததும் நான் உட்கார்ந்து, இலவசப் பாட்டோடு வந்து, விண்டோஸ் ஃபைல் போலப் பெயர் வைத்துக்கொண்டு பாட்டு ஃபோல்டருக்குள் ஒளிந்திருந்ததை இழுத்துப் போட்டேன். இந்துவுக்கு வேலையும் கிடைத்தது. ஏழுமலை மட்டும் அன்று முழுக்கச் சொல்லிச் சொல்லி ஆச்சரியப்பட்டார்: “மேஸ்திரி நின்னா வேலை செய்யறவனப் பாத்துக்கீறேன். மேஸ்திரி நின்னா வேலையை நிறுத்தறவன இப்பதான் பாக்கறேன்!”

ஆக, நம் கம்ப்யூட்டருக்குள் யாரும் பூட்டை உடைத்து வருவதில்லை, நாமே வெற்றிலை பாக்கு வைத்து அழைத்து, பாய் போட்டு உட்கார வைத்துவிட்டு, அப்புறம்தான் “யாருய்யா நீ?” என்று கேட்கிறோம்.