முன்கையில் கட்டிய தாள்

கோவில்பட்டிக்கு வெளியே இருக்கும் எங்கள் ஆலையில் குழந்தைகளின் டயப்பருக்கு வெளித்தாள் செய்கிறோம். மூன்று அடுக்கு பிளாஸ்டிக். நடு அடுக்கில் சுண்ணாம்புத் தூள் கலந்திருக்கும். உருளைகளுக்கிடையே இழுபடும்போது தூளைச் சுற்றிக் கண்ணுக்குத் தெரியாத துளைகள் விழும். ஈரம் ஒழுகாது, ஆவி மட்டும் வெளியேறும். வெளி அடுக்கு தடித்துவிட்டால் ஆவி வெளியேறாது. குழந்தையின் தொடை வெந்துபோகும்.

முறையான சோதனைக்குத் தண்ணீர்க் கிண்ணத்தின் வாயில் தாளை இறுக்கிக் கட்டி, எடை குறைகிறதா என்று பார்க்க வேண்டும். முடிவு மறுநாள்தான் தெரியும். அதுவரை பொறுக்காமல் சூப்பர்வைசர் எங்களில் யாருடைய முன்கையிலாவது ஒரு துண்டைச் சுற்றி ரப்பர் பேண்டு போட்டு, உள்ளே வேர்க்கிறதா என்று பார்ப்பார்.

பிள்ளையை அத்தையிடம் விட்டுவிட்டு நான் சேர்ந்த வேலை. நிரந்தரமாக வேண்டுமே என்ற கவலையிலேயே எனக்குக் கை வேர்க்கும். என்னோடு வேலை பார்க்கும், புதூரிலிருந்து வரும் அக்கா சிரிப்பாள்.

"ஏட்டி, ஒன் கையில வேட்டித்துணியைக் கட்டினாலும் ஃபெயிலுதான்."

சித்திரையில் ஒருநாள் என் கையில் கட்டிய தாளுக்குள் தண்ணீர் முத்து முத்தாக நின்றது. அதே தாளைக் கட்டியிருந்த அக்காவின் கை காய்ந்திருந்தது. வழக்கம்போல என்னையே சந்தேகப்பட்டேன். ஆனாலும், கிண்ணத்தைப் பார்த்துவிட்டு லாரியை அனுப்பலாமே என்று கேட்டேன். வேர்ப்பது தாளாலா, பயத்தாலா என்று சூப்பர்வைசர் எல்லோர் முன்பும் கேட்டார். சிரிப்பு அடங்குவதற்குள் லாரி கிளம்பிவிட்டது.

மறுநாள் பார்த்தால் கிண்ணத்தின் எடை குறையவே இல்லை. சரக்கைத் திருப்பி வரவழைக்கும்படி சூப்பர்வைசரிடம் சொன்னேன்.

"போனது போனதுதான். ஒன் பிள்ளைக்கா மாட்டப் போறாவ?" என்றார். பிறகு என் கையைப் பார்த்தார். "இனிமே எல்லா ரோலும் ஒன் கையிலதான்."

அன்றிலிருந்து ஒரு கை மாற்றி ஒரு கை. தோல் சிவந்தது, கொப்பளித்தது, உரிந்தது. பிள்ளையின் தலையைக் கையில் தாங்கினால் எரியும். அத்தை அதைப் பார்த்துவிட்டார்.

"பிள்ளைக்கு ஒட்டிக்கிடும், தொடாத."

ஒட்டாது என்று படித்த எனக்குத் தெரியும். ஒட்டிவிட்டால் என்ன செய்வது என்றும் தோன்றியது. வேலையை விட்டுவிடவா என்று கணவரிடம் கேட்டேன். நிரந்தரமாகப் போகிற நேரத்தில் என்ன பேச்சு என்றார்.

நிரந்தரமான அன்று வீட்டில் பாயசம் வைத்தார்கள். பிள்ளைக்கு ஊட்டலாம் என்று கரண்டியை எடுத்தேன். அத்தை அதை என் கையிலிருந்து வாங்கி, கழுவிவிட்டு, அவரே ஊட்டினார்.