மெசின் வாய் திறந்த நாள்

கண்டிக்கு அருகே அம்பிட்டியப் பக்கத்தில் எங்கள் வீதியில் அந்தக் காலத்தில் சொந்தமாக மரம் அரியும் சங்கிலி மெசின் வைத்திருந்த குடும்பம் எங்களுடையது ஒன்றுதான். அது ஓடாது என்பது வேறு விஷயம். ஓடினாலும் ஓடாவிட்டாலும் மெசின் மெசின்தானே. பள்ளிக்கூடத்தில் ஒருத்தி தன் மாமாவிடம் மோட்டார் சைக்கிள் இருப்பதாகப் பீற்றிக்கொண்டால், "எங்க வீட்டுல மரம் அரியிற மெசினே இருக்கு" என்று நான் ஒரே போடாகப் போட்டுவிடுவேன்.

அது தாத்தா சம்பாதித்தது. தேயிலைத் தோட்டங்களை அரசாங்கம் எடுத்துக்கொண்ட சமயம் சீமைக்குத் திரும்பிய துரை, தன்னிடம் மரம் வெட்டிய தாத்தாவைக் கூப்பிட்டு, இதை நீயே வைத்துக்கொள் என்று கொடுத்துவிட்டுப் போனாராம். தாத்தா அதைத் தோளில் தூக்கிக்கொண்டு தோட்டத்தை விட்டு இறங்கினார். அதை வைத்துத்தான் அம்பிட்டியவில் ஒரு துண்டுக் காணி வாங்கி வீடு கட்டி, பெரியப்பாவையும் அப்பாவையும் ஆளாக்கினார். எங்கள் வீட்டுக் கூரைப் பலகைகூட அந்த மெசின் அரிந்ததுதான். தாத்தாவை நான் பார்த்ததில்லை. ஆனால் மெசினைத் தொட்டால் அவரைத் தொட்ட மாதிரி என்று அப்பா சொல்லுவார்.

அம்மா கலியாணமாகி வந்தபின்தான் மெசினுக்கு முறையான பூசை கிடைத்தது. தாத்தா ஆயுத பூசைக்கு அதன் முன்னால் ஓர் எலுமிச்சம்பழத்தை வெட்டிப் போடுவதோடு சரி. அவர் பக்திமான் அல்ல, உழைப்பாளி. அம்மாவுக்கு அது பொறுக்கவில்லை. சோறு போட்ட சாமானுக்கு ஒரு பொட்டுக்கூட இல்லையா என்று சந்தனத்தைக் குழைத்து, பெட்ரோல் ஊற்றும் இடத்தை மூடுகிற மூடி நெற்றி மாதிரி வட்டமாக இருந்ததால், அதன் நடுவில் கட்டைவிரலால் அழுத்தி வைத்தார். மேலே குங்குமம். அடுத்த வருசம் பழைய பொட்டின் மேலேயே புதுப் பொட்டு. அந்த அழகைப் பார்த்துத் தாத்தாவே மனம் குளிர்ந்துபோனாராம்.

மெசின் நின்றுபோனதும் அதே காலத்தில்தான். ஓடும், திடீரென்று நிற்கும். டவுனில் ஒரு மெக்கானிக் பாஸ் பார்த்துவிட்டு, இஞ்சின் முடிந்தது என்று கையை விரித்துவிட்டார். கொஞ்ச நாளில் தாத்தாவும் போய்ச் சேர்ந்தார். அன்றிலிருந்து பெரியப்பாவுக்கு ஒரு பகிடி கிடைத்தது. நல்ல நாள், பெரிய நாள், யாராவது விருந்தாளி வந்து மூலையிலிருக்கும் மெசினைப் பற்றி விசாரித்தால் போதும், தொண்டையைச் செருமிக்கொண்டு தொடங்குவார்.

"அத ஏன் கேக்குறீங்க? இந்த வீட்டுக்கு மருமக வந்தா, மெசின் வாய மூடிக்கிச்சு!"

எல்லாரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். அம்மாவும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார். அம்மாவுக்கு மிகவும் பிடித்த பகிடி அதுதான் என்று நான் நினைத்திருந்தேன். அம்மா சோர்ந்திருக்கிற நாட்களில் நானே அதைப் பெரியப்பா குரலில் சொல்லிக் காட்டியிருக்கிறேன். அப்பா மட்டும் சிரிக்கமாட்டார். அப்பாவுக்குப் பகிடி விளங்காது என்பது என் முடிவு.

நான் நாலாம் வகுப்புப் படித்த வருசம் அப்பாவுக்கு மெசின் பைத்தியம் பிடித்தது. அவர் கண்டி டவுனில் ஓர் இரும்புக் கடையில் கணக்கெழுதிக்கொண்டிருந்தார். ஆணியை நிறுத்துக் கொடுக்கத் தெரியுமே தவிர இஞ்சின் வேலை தெரியாது. ஆனாலும் ஒரு ஞாயிற்றுக்கிழமை முற்றத்தில் சாக்கை விரித்து, மெசினைத் தூக்கி வைத்து, ஒவ்வொன்றாகக் கழற்ற ஆரம்பித்துவிட்டார். பிறகு ஒவ்வொரு ஞாயிறும், பௌர்ணமிக்கு லீவு விடுகிற போயா நாளும் அதே கதைதான். பெட்ரோல் டாங்கியைக் கழுவினார். கூட்செட் பஸ் நிலையத்துக்கு அருகே மோட்டார் சைக்கிள் சாமான் விற்கிறவரிடம் புது பிளக் வாங்கினார். காபரேட்டருக்குள் இருந்த மெல்லிய ரப்பர் தகடு அப்பளம் மாதிரி விறைத்துப்போயிருந்தது. அதற்குப் பதில் வேறொன்று தேடிக் கடுகண்ணாவை வரை போய், பழைய மெசின்களை உடைத்து விற்கிற ஒருவரிடம் பிடித்துக்கொண்டு வந்தார். சங்கிலியின் ஒவ்வொரு பல்லையும் வட்ட அரத்தால் ராவினார். நான் மண்ணெண்ணெயில் ஊறிய துண்டுச் சீலையால் மெசினின் சிவப்புச் சாயத்தைத் துடைத்துப் பளபளப்பாக்கினேன். மூடியில் இருந்த பொட்டை மட்டும் துடைக்க அப்பா விடவில்லை. வருசக்கணக்கில் ஏறி ஏறி அது ஒரு காசு கனத்துக்கு இறுகியிருந்தது. தாத்தா கண்டு மனம் குளிர்ந்த பொட்டு அல்லவா.

மெசின் ஓடியது! கயிற்றைச் சுண்டி இழுத்ததும் புகையைக் கக்கிக்கொண்டு அது கத்தியபோது பக்கத்து வீட்டு நாயெல்லாம் ஓடி ஒளிந்தது. நான் குதித்தேன். ஆனால் கொஞ்ச நேரம்தான். விருந்துக்கு வந்தவர் தேத்தண்ணி குடித்துவிட்டு எழுந்து போகிற மாதிரி, சடக்கென்று நின்றுவிட்டது. அப்பா மூடியைத் திறந்து பெட்ரோல் இருக்கிறதா என்று பார்த்தார். இருந்தது. மூடிவிட்டு இழுத்தார். ஓடியது. மறுபடி நின்றது. பிளக்கை மாற்றினார், காபரேட்டரைத் திரும்பக் கழற்றினார், தலையைச் சொறிந்தார். பலன் இல்லை. பெரியப்பா மேட்டிலிருந்த தன் வீட்டிலிருந்து இறங்கி வந்து வேடிக்கை பார்த்துவிட்டு, தன் பகிடியை ஒரு தரம் சொல்லிவிட்டுப் போனார்.

அந்தப் பங்குனியில் மாரியம்மன் ரதம் முதல்தடவையாக எங்கள் வீதியால் வருவதாக இருந்தது. கோயில் தலைவர் பெரியப்பாதான். முதல் நாள் இரவு பேய் மழை. விடிந்து பார்த்தால் எங்கள் வீட்டுக்குச் சற்றுக் கீழே ஒரு அல்பீசியா மரம் வேரோடு சாய்ந்து வீதியை அடைத்துக்கொண்டு கிடக்கிறது. கோடாரியால் வெட்டிப் பார்த்தார்கள், கை வாளால் அறுத்துப் பார்த்தார்கள். கிளைகள்தான் போயின. மத்தியானத்துக்குமேல் ட்ராக்டர் இழுக்க ரதம் வந்து, மரத்துக்கு முன்னால் நின்றுவிட்டது. திரும்பவும் முடியாத ஒடுக்கமான வீதி. பொழுது சாய்வதற்குள் அம்மன் கோயிலுக்குப் போயாக வேண்டும்.

அப்பா மெசினைத் தூக்கிக்கொண்டு படியிறங்கினார். நான் எண்ணெய் டின்னோடு பின்னால். சனம் வழி விட்டது. அந்த நடையை இன்றைக்கு நினைத்தாலும் என் நெஞ்சு நிமிர்கிறது.

பெரியப்பா குறுக்கே வந்தார். "டேய் தம்பி, அம்மன் முன்னால மானத்த வாங்கிறாத. இன்னைக்கும் இது ஏமாத்துச்சுன்னா நாளைக்கே பழைய இரும்புக்காரன்கிட்ட தூக்கிக் குடுத்துருவேன். அப்பா சொத்துல எனக்கும் பங்கு இருக்கு."

அப்பா "சரிண்ணே" என்றார்.

இழுத்தார். ஓடியது. மரத்தில் சங்கிலி இறங்கி, தூள் மழையாய்க் கொட்டியது. சனம் ஆரவாரம் செய்தது. நின்றுவிட்டது. மூடியைத் திறந்தார், மூடினார், இழுத்தார். இன்னும் ஒரு சாண் இறங்கியது. நின்றுவிட்டது. ஆரவாரம் சிரிப்பானது. பெரியப்பா கூட்டத்தைப் பார்த்துத் திரும்பித் தொண்டையைச் செருமுவது தெரிந்தது. அம்மா ஆரத்தித் தட்டோடு பெண்களுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். அன்றைக்கு அவர் முந்தானையை வாய்க்குக் கொண்டுபோகவில்லை.

அப்பா மறுபடி மூடியைத் திருகினார். நாதஸ்வரக்காரர்கள் வெற்றிலை போட ஒதுங்கியிருந்ததால் வீதி அமைதியாக இருந்தது. வீட்டு முற்றத்தில் பல தடவை நான் கேட்ட சத்தம் எனக்குக் கேட்டது.

"அப்பா, அது மூச்சு விடுதுப்பா" என்றேன்.

"சும்மா இரு புள்ள!" என்று பெரியப்பா அதட்டினார்.

அப்பா அதட்டவில்லை. "என்னா சொன்ன?" என்று என்னைப் பார்த்தார்.

"நீங்க மூடியத் தொறக்கிற நேரமெல்லாம் உஸ்ஸுன்னு மூச்சு விடும். எப்பவும் விடும்."

அப்பா மூடியின் உள்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார். நடுவில் ஊசி நுழையும் அளவில் ஓர் ஓட்டை. டாங்கிக்குள் காற்றுப் போகிற வழி அது. பெட்ரோல் இறங்க இறங்கக் காற்று உள்ளே போனால்தான் மேலும் பெட்ரோல் இறங்கும். வழி அடைத்திருந்தால் மெசின் கொஞ்ச நேரத்தில் மூச்சுமுட்டி நின்றுவிடும். மூடியைத் திறக்கும்போதெல்லாம் காற்று உஸ்ஸென்று ஓடிப் புகுந்து, மறுபடி கொஞ்ச நேரம் அதற்கு உயிர் கொடுத்திருக்கிறது. அப்பா மூடியை வெளிப்பக்கம் திருப்பினார். அங்கே, ஓட்டைக்கு நேர்மேலே, பொட்டு இருந்தது. அவர் அசையாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு அம்மாவிடம், "ஒரு ஊக்கு குடு" என்றார்.

அம்மா தட்டை யாரிடமோ கொடுத்துவிட்டு வந்து, வளையலில் மாட்டியிருந்த ஊக்கைக் கழற்றிக் கொடுத்தார். அப்பா கூட்டத்துக்கு முதுகைக் காட்டிக் குந்திக்கொண்டு மூடியைச் சுரண்டினார். அவர் உள்ளங்கையில் மஞ்சளாகப் பொடிப் பொடியாக விழுந்தது, இடையிடையே சிவப்பு. பெட்ரோல் வாடையையும் மீறிச் சந்தனம் மணத்தது. நான் ஒரு பக்கம், அம்மா ஒரு பக்கம். மூன்று பேரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம்.

"என்னாடா அது?" என்று கேட்டுக்கொண்டே பெரியப்பா கிட்டே வந்தார்.

அப்பா கையை மூடிக்கொண்டார். "மண்ணுண்ணே. மூடி ஓட்டையில மண்ணு அடைச்சிருக்கு. நான்தான் கவனிக்கல."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "மண்ணு இல்ல பெரியப்பா, அது..."

"பாப்பா! ஓடிப்போயி எண்ணெ டின்ன எடுத்துட்டு வா, ஓடு!"

எண்ணெய் டின் அவர் காலடியில்தான் இருந்தது. ஆனாலும் அப்பா அப்படிக் கத்தி நான் கேட்டதில்லை, அதனால் ஓடினேன். படியேறி, வீடெல்லாம் தேடி, வெறுங்கையோடு திரும்பியபோது மெசின் கத்திக்கொண்டிருந்தது. நிற்கவே இல்லை! அந்தப் பெரிய மரத்தை வெண்ணெய் மாதிரி அறுத்துத் துண்டு துண்டாகத் தள்ளியது. தலையிலிருந்து கால்வரை மரத்தூளோடு அப்பா நிமிர்ந்தபோது, ஊரே கைதட்டியது. என் அப்பா, என் தாத்தா மெசின், நான் கேட்ட மூச்சு. அன்றைக்கு நான் தரையில் நடந்ததாக ஞாபகம் இல்லை.

ரதம் நகர்வதற்குமுன் பூசாரி, சந்தனக் கிண்ணத்தோடு மெசினிடம் வந்தார். அவர் விரலும் நேரே அந்த வட்ட மூடிக்குத்தான் போனது. அப்பா வாயைத் திறப்பதற்குள் அம்மாவின் கை மூடிமேல் விழுந்தது.

"சாமி, கைப்பிடியில வைங்க. அங்கதான் கை படும்."

அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா அம்மனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்று மாலை எங்கள் வீட்டில் ஒரே சனம். வந்தவர்களுக்கெல்லாம் பெரியப்பாவே கதை சொன்னார், சும்மா சொல்லக்கூடாது, மரத்தை அவரே வெட்டிய மாதிரி சொன்னார். முடிவில் தொண்டையைச் செருமினார்.

"அது யாரு ஊக்கு? எங்க வீட்டு மருமக ஊக்கு! அது பட்டதும் மெசின் வாயத் தொறந்திருச்சு!"

எல்லாரும் சிரித்தார்கள். முதல்தடவையாக அப்பாவும் சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை. எழுந்து குசினிக்குப் போய்விட்டார். இத்தனை வருசம் சிரித்தவருக்கு இன்றைக்கு என்ன வந்தது என்று பின்னாலேயே போனேன். அடுப்புக்கு முன்னால் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். அடுப்பில் தீ இல்லை, புகையும் இல்லை.

இதுதான் சமயம் என்று நான் விஷயத்தைச் சொன்னேன். "அம்மா, அது மண்ணு இல்ல. நீங்க வச்ச சந்தனம். அப்பாவுக்குத் தெரியல."

அம்மா என்னை இழுத்து வயிற்றோடு அணைத்துக்கொண்டார். "உங்கப்பா மண்ணுன்னு சொன்னா அது மண்ணுதான்டி" என்றார்.

எனக்கு ஐயோ பாவம் என்றிருந்தது. இத்தனை பெரிய மெசினைத் திருத்தத் தெரிந்த அப்பாவுக்கும், தினமும் சாமி கும்பிடுகிற அம்மாவுக்கும் இது தெரியவில்லையே. எங்கள் வீட்டில் சந்தனத்துக்கும் மண்ணுக்கும் வித்தியாசம் தெரிந்தவள் நான் ஒருத்திதான் என்ற பெருமையோடு அன்று படுத்துத் தூங்கினேன்.